எம்.பி.க்கு வாங்கிய மாலைகள்

பிள்ளைகளே, இதில் நான் ஒருவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. கட்சியின் பெயரையும் எழுதமாட்டேன். உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர்கள் வாசித்தால் தெரியாமலே இருக்கட்டும். அந்த மனிதரின் பெயரைக் கடதாசியில் எழுதுவதும் அவருக்கு இன்னொரு மாலை போடுவது மாதிரித்தான். நான் போட்ட மாலைகள் போதும்.

நான் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனை எடுக்க முதலே ஊரைவிட்டு வெளிக்கிட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்தலாம். ஆனால் கோபமாக எழுதிய இடங்களை மெல்லியதாக மாற்றக்கூடாது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பெற்றோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட். ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் முதல் வேலை, வாசலில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பத்திரிகைகளை வெட்டி எடுத்துத் தட்டில் அடுக்குவது. இந்த வெள்ளைக்கார நாட்டு அரசியலை நான் படித்தது அந்தத் தட்டில்தான். பிரஜாவுரிமைச் சோதனைக்குக் கொடுத்த புத்தகத்திலும் கொஞ்சம் இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு எந்தக் கட்சி வந்தது, எது போனது, பிறகு எது வந்தது என்று சில பக்கங்கள். பாடமாக்கினேன். அதில் வந்தவர்களின் பெயர் இருந்தது, போனவர்களின் பெயர் இருந்தது. அவர்களுக்காகக் கதவு கதவாகத் தட்டியவர்கள் யாரும் அதில் இல்லை. அந்த வேலையைத்தான் நான் செய்தேன்.

அவரை நான் முதன்முதலில் கண்டது நமது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில். பெரியவள் அப்போது அரிவரியில், ஆனா ஆவன்னா எழுதப் பழகும் வகுப்பில் இருந்தாள். மழை. மண்டப வாசலில் ஒரு வெள்ளைக்காரர் நனைந்த கோட்டோடு நின்றார். கையில் துண்டுப்பிரசுரங்கள், அவையும் நனைந்திருந்தன. அவருடைய கட்சி அப்போது ஆட்சியில் இல்லை. பல வருடங்களாகத் தோற்றுத் தோற்று, இனி எழும்பாது என்று எங்கள் கடை முதலாளியே சொல்லிச் சிரிக்கும் கட்சி அது. இவர் எங்கள் தொகுதியில் முதல் தடவையாக நிற்கிறார்.

நான் வரவேற்புக் குழு. வரவேற்புக் குழு என்றால் கதிரை அடுக்குவது, மாலை வாங்குவது, வருகிறவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போவது. பள்ளிக்கூடத்துக்குத் தலைவராக இருந்தவர் ஊரில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர். அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மாஸ்டர், வெளியில எலெக்‌ஷன் கேக்கிற ஒருத்தர் நிக்கிறார். என்ன செய்ய?"

"வந்தவரை வாசல்ல விடுறதே? கூட்டிக்கொண்டு வாரும். முன்வரிசையில இருத்தும். மாலை மிச்சம் இருக்கோ?"

ஒரு சின்ன மாலை இருந்தது. மிருதங்கம் படிப்பிக்கிறவருக்கென்று வாங்கியது. அதை எடுத்து இவருக்குப் போட்டேன். எங்கள் ஆட்கள் மாலை விழுந்த கையோடு கழற்றி மேசையில் வைத்துவிடுவார்கள். அதுதான் மரியாதை. இவருக்கு அது தெரியாது. மூன்று மணித்தியாலமும் மாலையோடு இருந்தார். பிள்ளைகளின் பாட்டைக் கேட்டார், மாலையோடு மட்டன் ரோல்ஸ் தின்றார், பூவிதழ் தேத்தண்ணிக்குள் விழ அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். குசினிப் பக்கம் நின்ற பெண்களுக்கு அவரை அப்படியே பிடித்துவிட்டது.

"இஞ்ச பாருங்கோடி, இன்னும் கழட்டேல்லை."

"வீட்டையும் போட்டுக்கொண்டு போவார் போல. மனுசி தேடப் போறா, எந்தத் தமிழ்ச்சியைக் கட்டினவன் எண்டு."

போகும்போது அவர் என்னிடம் வந்து, "உங்கள் ஆட்கள் எல்லாரும் வாக்குப் போடுவார்களா?" என்று கேட்டார். ஒருவரும் போடுவதில்லை என்றேன். ஏன் என்றார். அதை நான் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருந்தாலும், இங்கே இருக்க அனுமதி இருந்தால் வாக்குப் போடலாம். எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் பயந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், வயது என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகு ஊரில் என்ன நடந்தது என்பதைக் கண்டவர்கள் அவர்கள். வாக்காளர் இடாப்புப் படிவம் வீட்டுக்கு வந்தால் கிழித்துக் குப்பையில் போட்டார்கள்.

நான் வீடு வீடாகப் போனேன். ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, படிவங்களோடு வெளிக்கிடுவேன்.

"தம்பி, பேர் எழுதிக் கொடுத்தா ஒண்டும் வராதே?"

"வராது அண்ணை. நான் பொறுப்பு."

அந்த 'நான் பொறுப்பு' என்ற சொல்லைத் தெருத்தெருவாகச் சொல்லி, ஒவ்வொரு பெயராக எழுதுவித்தேன். தேர்தல் நாளில் லீவு எடுத்து, நடக்க ஏலாத ஆட்களைக் காரில் ஏற்றி இறக்கினேன். அவர் வென்றார். கொஞ்ச வாக்கு வித்தியாசம்தான். நாடு முழுவதும் அவருடைய கட்சி ஏறியது. அடுத்த நாள் பத்திரிகைத் தட்டில் எல்லா முகமும் சிரித்துக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். இந்த நாட்டில் நான் வரிசையில் நின்றது குரோய்டன் குடிவரவுக் கட்டிடத்தில் ஒரு கடுதாசிக்காக மட்டும்தான். இப்போது ஒரு அரசாங்கம் வருவதற்கு நானும் ஒரு கை பிடித்திருக்கிறேன் என்று நினைத்தேன். பைத்தியக்காரன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் அவர்தான் சிறப்பு விருந்தினர். மாலையும் வளர்ந்தது. முதல் வருடம் மார்பளவு. பிறகு வயிற்றளவு. அவரைத் துணை அமைச்சராக்கிய வருடம், ரூட்டிங் கடைத்தெருவில் பூக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து, ரோசாவும் மல்லிகையும் சேர்த்து முழங்கால் வரைக்கும் கட்டுவித்தேன். பொன்னாடையும் வாங்கினோம். அவர் முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தார். மாலை கழுத்தில் விழமுதலே கையால் பிடித்துக் கழற்றி, பக்கத்தில் நின்ற உதவியாளப் பெண்ணிடம் கொடுத்தார். இப்போது பழக்கம் தெரிந்துவிட்டது. பத்து நிமிடம் இருந்து பேசிவிட்டு, பரிசு வாங்கக் காத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த வரிசையில் சின்னவனும் நின்றான். "மாமா எங்க போயிட்டார்?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா?

அந்தக் காலத்தில்தான் பெரியவள் பெரிய பிள்ளையானாள்.

என் அக்காவை நீங்கள் படத்தில் மட்டும் கண்டிருக்கிறீர்கள். உங்கள் மாமி. என் அம்மா செத்தபோது எனக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதினைந்து. சோறு தந்தது, தலை இழுத்துவிட்டது, இராணுவம் வந்தபோது கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் என்னை இருத்தித் தன் சீலையால் மூடியது, எல்லாம் அவதான். எங்கள் வழக்கத்தில் பிள்ளை பெரியவளானால் தண்ணீர் வார்ப்பதும் ஆரத்தி எடுப்பதும் மாமியின் வேலை. அக்கா அங்கேயிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பா. "தம்பி, நான் வந்துதான் தண்ணி வார்க்கோணும். வேற ஆரையும் விட்டிடாத."

விசாவுக்குப் போட்டோம். மறுத்துவிட்டார்கள். அவ தனி ஆள், புருசன் இல்லை, பிள்ளை இல்லை, வேலை இல்லை, ஆகவே திரும்பிப் போகமாட்டா என்று எழுதியிருந்தது. அவவுக்கு மாடு இருந்தது, கோழி இருந்தது, ஒரு கிழமைக்கு மேல் வீட்டைப் பூட்டிவைக்க மனமில்லாதவ. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது? பெரியவளுக்குப் பக்கத்து வீட்டு அன்ரி தண்ணீர் வார்த்தா.

நான் விசாக் கடதாசிகள் வைத்த கோப்பைத் தூக்கிக்கொண்டு, எம்.பி. தொகுதி ஆட்களைச் சந்திக்கும் நாளில் போனேன். நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. என் இங்கிலீஷில் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எழும்பி வந்து தோளில் கை வைத்தார்.

"கோப்பை இங்கே வையுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

அந்த வருட ஆண்டு விழாவில், மேடையில், மாலையைக் கழற்றிக் கொடுத்த கையோடு, ஒலிவாங்கியில் என்னைச் சுட்டிக்காட்டிச் சொன்னார். "இந்த நல்ல நண்பர் இல்லாவிட்டால் நான் இந்த இடத்தில் இல்லை. இவருடைய அக்காவுக்கு விசா கிடைக்கவில்லை என்று கவலைப்படுகிறார். நான் சொல்கிறேன், அடுத்த வருடம் இந்த விழாவில் அவருடைய அக்கா முன்வரிசையில் இருப்பார்."

மண்டபம் கைதட்டியது. நீங்கள் இரண்டு பேரும் கதிரையில் ஏறி நின்று தட்டினீர்கள். நான் அன்று பின்னேரமே அக்காவுக்குப் போன் எடுத்து, எம்.பி. மேடையில் சொல்லிவிட்டார் என்றேன். அக்கா உடனே கேட்டது, "அப்ப என்ன சாறி கட்டுறது, குளிருமே?"

இரண்டாம் தடவை போட்டோம். அதுவும் மறுப்பு. அவருடைய அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள். பிறகும் எடுத்தேன். அமைச்சர் அலுவல்களில் இருக்கிறார் என்றார்கள். அடுத்த விழாவுக்கு அவர் வரவில்லை, ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பினார். கையெழுத்துக்கூட அச்சடித்தது. அந்த வருடம் மாசி மாதத்தில் அக்கா மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போன இடத்தில் விழுந்து செத்துப்போனா. நான் பிளேன் பிடித்துப் போய்ச் சேரும் வரை வைத்திருக்க ஏலாது என்று அடுத்த நாளே எடுத்துவிட்டார்கள். செத்த வீட்டை நான் பார்த்தது போனில்.

இனி நான் சொல்லப்போவது என் பிழை. ஒருவருக்கும் சொல்லாதது.

அக்கா செத்து இரண்டு கிழமையில் கட்சியிலிருந்து துண்டுப்பிரசுரக் கட்டுகள் வந்தன. முன்னர் அவரே கொண்டுவந்து தந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். பிறகு ஆள் மூலம் வந்தது. இந்தத் தடவை வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் வழக்கம்போல் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். மனம் சரியில்லை, நடந்தால் நல்லது என்று பட்டது. எங்கள் ஆட்களின் வீடுகள் எல்லாவற்றுக்கும் போட்டேன். எத்தனையோ வருடமாகப் போடுகிறேன், ஒரு நாளும் வாசித்தது இல்லை. அவருடைய படம் இருக்கும், பூங்கா இருக்கும், குப்பைத் தொட்டி இருக்கும். அதில் வாசிக்க என்ன இருக்கு என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மிச்சக் கட்டை மேசையில் வைத்தேன். பெரியவள் ஒன்றை எடுத்து வாசித்தாள்.

"அப்பா, இத நீங்க குடுத்தனீங்களா?"

"ஓம். ஏன்?"

"எல்லா வீட்டுக்குமா?"

"ஓமடி. என்னெண்டு சொல்லு."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பிறகு தமிழில் சொன்னாள். வெளிநாட்டு உறவினர்கள் வருவதற்கான விசாக்களை என் கட்சி இறுக்கியிருக்கிறது, நான் அதற்கு ஆதரவாக வாக்களித்தேன், இன்னும் இறுக்க வேண்டும் என்று போராடுகிறேன் என்று எம்.பி. எழுதியிருந்தார். பெட்டி போட்டு, பெரிய எழுத்தில். அதற்கு மேலே சிரித்துக்கொண்டு அவருடைய படம். ஆண்டு விழாவில் எடுத்தது. கழுத்தில் நான் போட்ட மாலை, கையால் கழற்றப் பிடித்தபடி.

அக்காவை வரவிடாத கதையை அக்காவின் ஆட்களுடைய வீடுகளுக்கே என் கையால் கொண்டுபோய்ப் போட்டிருந்தேன். கதவுகளைத் தட்டித் திரும்ப வாங்கவா ஏலும்? உங்கள் அம்மா குசினியில் அழுதா. நான் அழவில்லை. அடுத்த நாள் ஷிப்ட் முடிய நேரே அவருடைய அலுவலகத்துக்குப் போய், என் கோப்பைத் தாருங்கள் என்றேன். உதவியாளப் பெண் தேடி எடுத்துத் தந்தாள். நல்ல பிள்ளை. அவளுக்கே முகம் சரியில்லை. உள்ளே நான் கொடுத்த கடதாசிகள், நான் கொடுத்த ஒழுங்கிலேயே, நான் குத்திய கிளிப்போடு இருந்தன. அக்காவின் விசாப் படம் கவருக்குள் ஒட்டியபடி. எம்.பி. எழுதிய கடிதத்தின் பிரதி எங்கே என்று கேட்டேன்.

"கடிதம் ஒன்றும் அனுப்பவில்லை. எனக்கு மிகவும் கவலை" என்றாள்.

ஒரு கடிதம். அரைப் பக்கம். அனுப்பியும் மறுத்திருந்தால் நான் அந்த மனிதரை மன்னித்திருப்பேன். அவர் கிளிப்பைக்கூடக் கழற்றவில்லை.

அம்மா சொன்னா, "போய் மூஞ்சைக்கு நேர கேளுங்கோவன். நாலு சனம் பாக்கக் கத்துங்கோ."

"இப்ப அவர் மேல நிக்கிறார். என்ர சத்தம் அங்க போகாது. இறங்கி வரட்டும்."

"இறங்கேல்லை எண்டா?"

"இறங்குவார். எல்லாரும் இறங்கினவைதான். புத்தகத்தில படிச்சனான்."

நான் காத்திருந்தேன். பகை என்றால் கையைக் காலை அடிப்பது என்று படத்தில் காட்டுவார்கள். என் பகை ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்குப் பத்திரிகைக் கட்டை வெட்டிப் பார்ப்பது. அதுவும் ஒரு சுகம். முதலில் ஒரு அமைச்சர் விலகினார், பிறகு இன்னொருவர். பிரதமர்கள் மாறினார்கள். புதுப் பிரதமரின் முகம் தட்டில் பழகமுதலே அடுத்த முகம் வந்தது. எங்கள் ஆளுக்கும் துணை அமைச்சர் பதவி போனது, உள்ளே ஒரு சின்னச் செய்தியாக. அந்தப் பக்கத்தைப் பேனாக் கத்தியால் வெட்டி எடுத்துக் கோப்புக்குள் வைத்தேன், அக்காவின் படத்துக்குப் பக்கத்தில். நமது தெருவில் கட்சிக்காக நடந்த ஆட்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். முன்பு பத்துப் பேர் வருவார்கள். கடைசியில் நாயோடு ஒரு கிழவர் மட்டும் வந்தார். நாய்க்குத்தான் உற்சாகம். கட்சி மெலிந்துபோவதை நான் ஆசையோடு பார்த்தேன். அது பாவம் என்றால் இருக்கட்டும்.

பிறகு ஒரு நாள் மாஸ்டர் போன் எடுத்தார்.

"தம்பி, எம்.பி. தானே போன் எடுத்தவர். ஆண்டு விழாவுக்கு வரட்டோ எண்டு கேக்கிறார். முழு நாளும் ஃப்ரீயாம்."

தேர்தல் வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம்.

"வரச்சொல்லுங்கோ மாஸ்டர். வரவேற்பை நான் பாக்கிறன்."

"உமக்கு மனவருத்தம் இருக்கே, அதுதான் யோசிச்சனான்."

"ஒண்டுமில்லை. வரட்டும்."

நான் ரூட்டிங்குக்குப் போனேன். பூக்கடைக்காரர் என்னைக் கண்டதும், "எம்.பி. மாலையா அண்ணை? வழக்கமான அளவா?" என்று கேட்டார். "ஓம், முழங்கால் வரைக்கும்" என்றேன். பிறகு படக்கடைக்குப் போய் அக்காவின் விசாப் படத்தைப் பெருப்பித்து, சட்டம் போடுவித்தேன். விசாவுக்கு எடுத்த படத்தில் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா நேரே பார்த்துக்கொண்டிருப்பா. இரண்டு தடவை மறுத்த அதே படம்.

விழா நாள், சனிக்கிழமை பின்னேரம். முன்வரிசையில் நான் பெயர் ஒட்டினேன். ஒவ்வொரு கதிரையிலும் ஒவ்வொரு வருடமும் குசினிக்குள் நின்று ரோல்ஸ் பொரித்த பெண்கள். அவர்கள் வெட்கப்பட்டார்கள்.

"எங்களை ஏன் இதில இருத்துறியள்? வடை ஆர் சுடுறது?"

"வடை பிறகு சுடலாம். இண்டைக்கு நீங்கள் இருங்கோ."

நடுக் கதிரையில் அக்காவின் படத்தை வைத்தேன். மேலே சால்வையால் மூடிவிட்டேன்.

அவர் அரை மணித்தியாலம் முந்தி வந்தார். உதவியாளர் இல்லை. தன் குடையைத் தானே மடக்கினார். தலைமயிர் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் கையைப் பிடித்து, "என் நல்ல நண்பரே" என்றார். என் பெயர் அவருக்கு வரவில்லை. நான் தட்டில் மாலையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது, நூறு போன் பிடித்தபடி. முன்வரிசைக்கு வந்ததும் நான் இரண்டு கையாலும் மாலையைத் தூக்கினேன். அவர் கண்ணை மூடிக் கழுத்தை நன்றாகக் குனிந்தார். அவ்வளவு குனிந்து நான் ஒரு வருடமும் கண்டதில்லை.

நான் அவரைத் தாண்டிப் போய், சால்வையை எடுத்துவிட்டு, மாலையை அக்காவின் படத்துக்குப் போட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. படத்துக்கு மாலை போட்டால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். பிடித்திருந்த போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவர் இன்னும் குனிந்துகொண்டு நின்றார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

நான் ஒலிவாங்கியை எடுத்தேன். இரண்டு கிழமையாகப் பெற்றோல் ஸ்டேஷனில் ஆள் இல்லாத நேரம் சொல்லிச் சொல்லிப் பார்த்த இங்கிலீஷ். "இந்தப் பெரியவர் இதே மேடையில் சொன்னார், என் அக்கா முன்வரிசையில் இருப்பார் என்று. இதோ இருக்கிறா. ஐயா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். முன்வரிசை நிறைந்துவிட்டது. ஐயாவுக்கு நாலாவது வரிசையில், தூணுக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டிருக்கிறேன்."

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வாக்கு வேண்டுமே. தூணுக்குப் பின்னால் போய் இருந்தார். மூன்று மணித்தியாலம். எல்லாப் பிள்ளைகளும் பாடி முடியும் வரை, எல்லாப் பரிசும் கொடுத்து முடியும் வரை. முதல் வருடம் இருந்த அதே மூன்று மணித்தியாலம், இந்தத் தடவை மாலை இல்லாமல். ஒருவரும் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோகவில்லை. நான் தடுக்கவில்லை, கொண்டுபோகச் சொல்லவும் இல்லை.

மாஸ்டருக்குக் கோபம். கையைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தார். "தம்பி, வீடு தேடி வந்தவரை இப்பிடிச் செய்யலாமோ?"

"இதவிடக் கூடச் செய்ய எனக்கு ஏலாது மாஸ்டர். ஏலுமெண்டா செய்திருப்பன்."

தேர்தல் நாளில் நான் மறுபடி லீவு எடுத்தேன். மறுபடி நடக்க ஏலாத ஆட்களைக் காரில் ஏற்றினேன். ஆருக்குப் போட என்று கேட்டவர்களுக்கு, "அது உங்கட விருப்பம். அக்காவைக் கதிரையில கண்டனீங்கள்தானே" என்று மட்டும் சொன்னேன்.

காலை ஷிப்டில் ரேடியோவில் கேட்டேன். அவர் தோற்றுவிட்டார். கல்லாவுக்குப் பின்னால் நின்று, ஒருவரும் இல்லாத கடையில், இரண்டு கையையும் மேலே தூக்கினேன். அந்தச் சந்தோசம் ஒரு ஸ்ரீலங்கன் தேத்தண்ணி ஆறும் நேரம்தான் இருந்தது. பிறகு செய்தி வாசிக்க வாசிக்க விளங்கியது. கட்சி நாடு முழுவதும் சரிந்திருந்தது. என் தெருவில் ஒரு ஆள்கூட வாக்குப் போடாமல் இருந்திருந்தாலும் அவர் தோற்றிருப்பார், அத்தனை பெரிய வித்தியாசம். அக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆட்கள், வீட்டுக் கடனுக்கும் ஆஸ்பத்திரிக் கியூவுக்கும் கோபப்பட்டு, என் பழியை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பத்திரிகைக்காரர் அதற்கு அலை என்று பெயர் வைத்தார். எனக்கு வந்த எரிச்சலில் ஒரு கட்டுப் பத்திரிகையைத் தலைகீழாக அடுக்கிவிட்டு முதலாளியிடம் பேச்சு வாங்கினேன்.

சில மாதம் கழித்து, ஒரு மழைக்காலக் காலையில், அவர் என் பெற்றோல் ஸ்டேஷனுக்கு வந்தார். பழைய கோட். கார் ஓட்ட இப்போது ஆள் இல்லை. உள்ளே வந்து, என் முகத்தைப் பாராமலே சொன்னார்.

"ரயருக்குக் காற்று அடிக்கும் மெஷின் வேலை செய்யவில்லை. கொஞ்சம் பார்க்க முடியுமா?"

அந்த மெஷின் மழைக்கு அடிக்கடி நிற்கும். என் முழங்காலுக்கு நேரே, கல்லாவுக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை ஒருதரம் அமத்திவிட்டால் மெஷின் திரும்பத் தொடங்கும்.

"நீங்கள் போய் நில்லுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனார். காற்றுக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். குடை காருக்குள். எடுக்கப் போனால் மெஷின் தொடங்கிவிடும் என்று நினைத்திருப்பார். நான் பத்திரிகைகளை நேராக அடுக்கினேன். சொக்கிலேற் பெட்டிகளைத் துடைத்தேன். பத்து நிமிடம், அவர் சின்னவனின் விழாவில் இருந்த அதே பத்து நிமிடம், கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நனைந்து திரும்ப உள்ளே வந்தார். "யாராவது பார்க்கிறார்களா?"

"ஓம் ஐயா. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்."

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு என் சட்டையில் குத்தியிருந்த பெயர்த் தகட்டைப் பார்த்து, மெல்ல, எழுத்துக்கூட்டுவது மாதிரி, என் பெயரை வாசித்தார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. கோட்டின் கழுத்தை உயர்த்திக்கொண்டு போய்க் காரில் ஏறினார்.

அவருடைய கார் தெருவில் இறங்கியதும் நான் குனிந்து சுவிட்சை அமத்தினேன். அடுத்ததாகப் பிள்ளையோடு வந்த பெண்ணுக்கு மெஷின் வேலை செய்தது.